அலாரம் அடிக்கிறது, எழ மனமில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். போன வருடம் அரைத் தூர டிரையத்லானை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து) 6 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். அந்த வேகத்திலேயே நண்பர்கள் குழுவோடு சேர்ந்து முழுத் தூரத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் 16 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 14 மணி நேரம் பயிற்சி. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று காலைப் பயிற்சிகளை வெறும் வயிற்றில்தான் செய்கிறேன். ஒன்றரை மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன், அப்புறம் நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சி. ஊக்க வீடியோ பார்த்தால் ஒரு நாள் தாங்குகிறது. குழுவில் ‘உனக்கு மன உறுதி போதாது’ என்கிறார்கள். ஊக்கத்தை மீட்க என்ன வழி? இல்லை, விலகிவிடுவதுதான் நல்லதா? மூன்று வாரப் பயிற்சிக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நல்லவேளை, பயிற்சிக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினீர்கள். கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

முதல் வாரச் செவ்வாய்க்கிழமையைப் பார்த்தேன். ‘ஈசி ரன், 10 கி.மீ.’ என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் சராசரி இதயத்துடிப்பு 158, கடைசி கிலோமீட்டரில் 171. உங்கள் உச்சத் துடிப்பு 182 என்று அதே நோட்டின் மேல் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அப்படியானால் அது ஈசி ரன்னே இல்லை. போட்டிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற ஓட்டம். வியாழக்கிழமை நீச்சல் கட்டம் காலி. அதில் ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை குழுவோடு 110 கி.மீ. சைக்கிள்; வழியில் உள்ளே போனது இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும். மறுநாள் 18 கி.மீ. ஓட்டம், ‘கால் கல்லாக இருந்தது.’ காலையில் படுக்கையில் எடுத்த நாடித்துடிப்பு முதல் வாரம் 51, மூன்றாம் வாரம் 59.

இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு உங்கள் மன உறுதியைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஐந்து மணி நேரத் தூக்கம், வெறும் வயிறு, எல்லா நாளும் நடுத்தரத்துக்கு மேலான வேகம். இதைச் செய்யும் எவருக்கும் ஆறேழு வாரத்தில் ஆசை அற்றுப்போகும். நீங்கள் ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

பயிற்சிச் சுமை கூடிக்கொண்டே போய், மீட்சி போதாமல் இருந்தால், மனநிலைதான் பெரும்பாலும் முதலில் கெடும். வேகம் குறைவதற்கும் காயம் வருவதற்கும் முன்னாலேயே எரிச்சல், சலிப்பு, ‘எதற்கு இதெல்லாம்’ என்ற எண்ணம் வந்துவிடும். விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மார்கன் நீச்சல் வீரர்களிடம் மனநிலைக் கேள்வித்தாள் கொடுத்துப் பல பருவங்கள் தொடர்ந்து பார்த்தார். பயிற்சி ஏற ஏற மனநிலை சரிந்தது. போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைத்ததும் மீண்டும் ஏறியது. அவர்களும் ஊக்கம் இல்லாதவர்கள் அல்லர். அதனால் அலாரத்தை அணைத்த கையைத் திட்ட வேண்டாம். உடல் ஒரு தகவல் சொல்கிறது, அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதலில் ஒரு வேலை. மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இருக்கும் இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி, பி12 இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு குறையும் அப்படியே ‘ஊக்கமின்மை’ போலவே தெரியும். 41 வயதில் இவ்வளவு நீளமான போட்டிக்குப் போகிறவர் இதயப் பரிசோதனையும் செய்துகொள்வது முறை. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால் அதற்கு விடை தெரியும்வரை பயிற்சியே வேண்டாம். இன்னொன்றையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். பயிற்சியில் மட்டும்தான் மனம் ஒட்டவில்லையா, இல்லை பிள்ளைகளோடு இருப்பது, சாப்பாடு, நண்பர்கள் என்று எதிலுமே ருசி இல்லையா? இரண்டாவது என்றால் அது என் துறை இல்லை. மனநல மருத்துவரிடம் தயங்காமல் போங்கள்; போட்டி அப்புறம்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பதினான்கு நாளும் பயிற்சி நேரத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவாருங்கள். அலாரம் ஆறரைக்கு. முதல் நான்கைந்து நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் எனக்குச் சம்மதம். அதன்பிறகு நீங்கள் விரும்பினால் மட்டும் அரை மணி, முக்கால் மணி நேரம். கைக்கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும். பயம் எனக்குத் தெரியும்: 16 வாரம்தான் இருக்கிறது, அதில் இரண்டை விட்டுக்கொடுப்பதா? தாங்குதிறன் இரண்டு வாரத்தில் கரைந்துவிடாது, அதுவும் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும்போது. இதே நிலையில் இன்னும் மூன்று வாரம் தள்ளிக்கொண்டு போனால் இழப்பது இரண்டு வாரத்தோடு நிற்காது. காலை நாடித்துடிப்பைத் தினமும் குறியுங்கள். அது 52, 53 பக்கம் திரும்பி, தூக்கமும் ஏழு மணி நேரத்தைத் தொட்ட பிறகுதான் அடுத்த கட்டம்.

இனி வேகம் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேலை பார்த்துக்கொண்டே டிரையத்லான் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

உடற்செயலியல் ஆய்வாளர் ஸ்டீஃபன் சீலர், படகு வலித்தல், பனிச்சறுக்கு ஓட்டம் போன்ற துறைகளின் உச்ச வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தவர். அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மிக மெதுவானவை, மீதி கடுமையானவை. நடுவில் இருக்கிற ‘கொஞ்சம் கஷ்டம், ஆனால் சமாளிக்கலாம்’ என்ற வேகத்தில் அவர்கள் அதிகம் தங்குவதில்லை. உங்கள் மூன்று வாரமும் கிட்டத்தட்ட முழுக்க அந்த நடுவில்தான் கழிந்திருக்கிறது. அந்த வேகத்தில் களைப்பு நிறைய சேரும், பலன் அதற்கேற்ற அளவு கிடைக்காது. மெதுவான நாளில் நீங்கள் களைத்துவிடுவதால், வேகமாகப் போக வேண்டிய நாளில் காலில் ஒன்றும் இருக்காது. எல்லா நாளும் ஒரே நிறமாகிவிடும். மனம் சலிப்பதற்கு அதுவே போதும்.

மெதுவென்றால் எவ்வளவு மெது? ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கக் கூடாது. உங்கள் உச்சத் துடிப்பை வைத்துப் பார்த்தால் 135ஐ ஒட்டி, அதிகபட்சம் 138. ஆரம்பத்தில் இதற்குள் ஓட முடியாது. சின்ன ஏற்றம் வந்தாலே 145ஐத் தாண்டும். அப்போது நடங்கள். வெட்கமாக இருக்கும், எல்லோரும் முந்திப் போவார்கள். அதனால்தான் அடுத்த ஒரு மாதத்துக்கு மெதுவான ஓட்டங்களைத் தனியாகச் செய்யச் சொல்கிறேன். குழு நல்ல துணைதான், ஆனால் குழுவோடு போகும்போது யாருமே தனக்கான வேகத்தில் போவதில்லை; அன்றைக்கு யார் உற்சாகமாக இருக்கிறாரோ அவருடைய வேகத்தில் போகிறார்கள். ஆறேழு வாரம் பொறுத்தால், அதே 135 துடிப்பில் கிலோமீட்டருக்கான நேரம் தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள். கூடுதல் சிரமம் இல்லாமல் வேகம் கூடுவதை நோட்டில் கண்ணால் பார்ப்பதைவிட நல்ல ஊக்க மருந்து எனக்குத் தெரியாது.

போட்டிக்கு இந்த வேகம் போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.8 கி.மீ. நீச்சல் ஒன்றரை மணி நேரம். 180 கி.மீ. சைக்கிள் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் ஏழரை மணி நேரம். 42.2 கி.மீ. ஓட்டம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் 5 மணி 38 நிமிடம். உடை, காலணி மாற்ற 20 நிமிடம். மொத்தம் 15 மணிக்கும் இரண்டு நிமிடம் குறைவு. முழுத் தூரப் போட்டிகளில் பொதுவாகக் கொடுக்கும் அவகாசம் 17 மணி. அரைத் தூரத்தை 6:40ல் முடித்தவருக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் எட்டாத எண் இல்லை. நீங்கள் தயாராக வேண்டியது இந்த நிதானமான வேகத்தை நிறுத்தாமல் வைத்திருக்கத்தான். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும்.

வெறும் வயிற்றுப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்க முடிகிற மாவுச்சத்து ஏறக்குறைய 400, 500 கிராம்தான். அது 2000 கலோரி சுமார். முழுத் தூரப் போட்டி அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பயிற்சிச் செலவுக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாமல் வாரக்கணக்கில் ஓடினால் ஹார்மோன், எலும்பு, தூக்கம், மனநிலை எல்லாமே அடி வாங்கும். எடை குறைக்கிற ஆசை இருந்தால் போட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் சனிக்கிழமைச் சவாரிக்கு வருவோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலான எந்தச் சவாரியிலும் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் (சின்னப் பொட்டலத்தில் வரும் மாவுச்சத்துக் கூழ்) 25 கிராம் என்றால் 25 நிமிடத்துக்கு ஒன்று. இல்லையென்றால் அதே அளவைப் பானத்தில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரச் சவாரிக்கு 300 கிராம். நீங்கள் எடுத்துக்கொண்ட வாழைப்பழத்தில் 25, 30 கிராம் இருந்திருக்கும். அவ்வளவுதான். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் அதிகம் உறிஞ்சாது. ஃபிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டும் கலந்த பானத்தில் 80, 90 கிராம்வரை போகலாம். ஆனால் குடலுக்கும் பழக்கம் வேண்டும், அதனால் 40 கிராமில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். போட்டி நாளில் என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதையே பயிற்சியிலும் சாப்பிடுங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகும்.

மீட்சி வாரங்கள் போக மீதி 14 வாரத்தில் கடைசி இரண்டரை வாரம் டேப்பர்: நேரத்தைப் பாதியளவு குறைத்து, வேகத்தைக் கைவிடாமல் இருக்கிற காலம். நடுவில் இருக்கிற பதினொன்றரை வாரத்தில், மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்குங்கள். வாரத்துக்கு 14 மணி நேரம் உங்கள் வாழ்க்கையில் இப்போது இடம் பெறாது. 10, 11 போதும். அதில் மூன்று அமர்வுகள் மட்டும் விடக்கூடாதவை: நீண்ட சைக்கிள், அதன் முடிவில் இருபது முப்பது நிமிட ஓட்டம் சேர்த்து, நடுவாரத்தில் ஒரு நீண்ட மெதுவான ஓட்டம், ஒரு முழு நீளமான நீச்சல். கடுமையான அமர்வு வாரத்துக்கு ஒன்று, அதையும் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் பிழைக்கும். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம். ஒரு நாள் தவறிப்போனால் அது போனது போனதுதான். மறுநாள் இரண்டாகச் செய்து ஈடுகட்டக் கூடாது. உங்கள் நோட்டில் தவறவிட்ட வியாழனுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் இரட்டைச் சுமை. சறுக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடுமையான அமர்வை வேலை முடிந்த மாலையில் வைக்காதீர்கள். சாமுவேல் மார்க்கோரா குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் கவனத்தைக் கோரும் கணினி வேலை செய்துவிட்டுச் சைக்கிள் மிதித்தவர்கள், ஓய்வாக இருந்துவிட்டு மிதித்ததைவிடச் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயமும் தசையும் அதற்குக் காரணமில்லை. அதே மிதிப்பு அவர்களுக்கு அதிகக் கஷ்டமாகத் தெரிந்தது. நாள் முழுக்க அலுவலகத்தில் மண்டையைக் கசக்கிவிட்டு இரவு எட்டு மணிக்கு, வீட்டுக்குள்ளேயே சைக்கிளை மாட்டி மிதிக்கும் டிரெய்னரில் ஏறி, ‘என்னால் முடியவில்லையே’ என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை. மாலைக்கு மெதுவான நீச்சல் நல்லது.

இப்போது ஊக்கத்துக்கு வருகிறேன். உடல் தேறிய பிறகும் சில நாள் எழ மனம் வராது. அது எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும். அந்த நாளுக்கு முந்தைய இரவே முடிவெடுத்து வையுங்கள். ‘காலையில் எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று விட்டால் தலையணைதான் ஜெயிக்கும். ‘அலாரம் அடித்தால் முதலில் தண்ணீர் குடித்துவிட்டுக் காலணியை மாட்டுவேன், பத்து நிமிடம் ஓடியும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவேன்’ என்று, என்ன நடந்தால் என்ன செய்வேன் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இப்படி ‘நடந்தால், செய்வேன்’ என்று கட்டிவைக்கும் திட்டங்களை நீண்டகாலம் ஆராய்ந்தவர். வெறும் இலக்கைவிட இவை நன்றாக வேலை செய்கின்றன. பத்து நிமிடத்தில் திரும்பிவிட உங்களுக்கு உண்மையாகவே அனுமதி உண்டு. இரண்டு வாரத்தில் மூன்று முறை அப்படித் திரும்பினால், அது சுமையைக் குறைக்க வேண்டிய அறிகுறி.

வீடியோக்களில் பெரும்பாலும் வரும் காட்சி ஒன்று உண்டு: 1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த முழுத் தூரப் போட்டியில், பெண்களில் ஜூலி மாஸ் முதலிடத்தில் வந்துகொண்டிருந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் விழுந்து, தவழ்ந்து சேர்ந்தது. அந்தத் தருணத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். எனக்கும் அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். ஆனால் தவழ்வதற்காகப் பயிற்சி செய்ய முடியாது. நாம் பயிற்சி செய்வது 35வது கிலோமீட்டரிலும் நிமிர்ந்து ஓடுவதற்காக. அதற்கு வேண்டியது சைக்கிளில் அடக்கமும் பையில் போதுமான சாப்பாடும்.

நீங்கள் ஏன் பெயர் கொடுத்தீர்கள் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். ‘நண்பர்கள் குழுவோடு சேர்ந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் நாலரை மணி இருட்டில் அடுத்தவர் ஆசை ரொம்ப தூரம் தள்ளாது. உங்களுக்கே உரிய ஏதாவது ஒன்று வேண்டும். நீச்சலைப் பயமில்லாமல் முடிப்பது, ஓட்டத்தில் ஒரு முறைகூட உட்காராமல் போவது, எதுவானாலும் சரி. வீட்டில் உள்ளவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். பதினொன்றரை வாரத்தில் எந்தச் சனிக்கிழமைகள் உங்களுக்கு, எந்த ஞாயிறுகள் முழுக்க அவர்களுக்கு என்று நாட்காட்டியில் குறித்துவிட்டால், குற்ற உணர்ச்சியில் பாதி அன்றைக்கே குறையும்.

கடைசிக் கேள்வி, விலகலாமா என்பது. இப்போது முடிவெடுக்காதீர்கள், களைத்த தலையோடு எடுக்கும் முடிவு பெரும்பாலும் களைப்பின் முடிவுதான். இன்றிலிருந்து எட்டாவது வாரச் சனிக்கிழமை ஐந்து மணி நேரம் சைக்கிள், போட்டியில் போக நினைக்கும் அதே வேகத்தில், மணிக்கு 60 கிராம் சாப்பிட்டுக்கொண்டு. இறங்கியதும் 40 நிமிட ஓட்டம். வயிறு ஒத்துழைத்து, கடைசிப் பத்து நிமிடம் முதல் பத்து நிமிடத்தின் வேகத்திலேயே போய், திங்கட்கிழமை காலை நாடி வழக்கத்துக்குத் திரும்பியிருந்தால் நீங்கள் போட்டிக்குப் போகலாம். இல்லையென்றால் இந்த வருடம் மறுபடி ஒரு அரைத் தூரம், முழுத் தூரம் அடுத்த வருடம். இடத்தை ஒத்திவைக்கவோ தூரத்தை மாற்றவோ சில போட்டிகளில் அனுமதி உண்டு. உங்கள் போட்டியின் விதிமுறையில் அதற்கான கடைசித் தேதி என்ன என்று இன்றே பாருங்கள். அது எட்டாவது வாரத்துக்கு முன்னால் வந்தால், சோதனைச் சவாரியையும் அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு நகர்த்திவிடுங்கள்.